கல்வியியல் துறையில் ஆய்வு எதற்காக?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியில் பணிபுரிந்துகொண்டே எம்.எட். படிக்கிறேன். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்கிறார்கள். உடன் படிப்பவர்கள் பலர் ஆயத்த வினாநிரலை நூறு மாணவரிடம் கொடுத்து, இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை போட்டு முடித்துவிடுகிறார்கள். அட்டை போட்டுக் கட்டிய அந்த ஆய்வேடுகள் நூலக அலமாரியில் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஆசிரியரைப் பயிற்றுவிப்பதுதான் துறையின் வேலை என்றால், ஆய்வு அங்கே எந்த இடத்தில் நிற்கிறது?

மறுமொழி 1 (பாலக்காடு, ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியர்):

அம்மா, உங்கள் கேள்வி பழையது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்வி ஆணையமே, ஆசிரியர் கல்வி பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் விலகி நிற்பதைக் குறையாகச் சொன்னது. இந்த இரண்டையும் இணைக்க ஆய்வைத் தவிர வேறு பாலம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிற துறைகள் கண்டறிந்ததை எடுத்துச் சொல்வது மட்டுமே நம் வேலையாகிவிட்டால், துறை வெறும் பயிற்சிக்கூடமாகச் சுருங்கிவிடும்.

நம் பக்கத்து வகுப்பறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, மலையாளம் சொல்வதெழுதுகையில் வலிமையைக் குறிக்கும் 'பலம்' என்பதையும் விளைவைக் குறிக்கும் 'பலம்' என்பதையும் ஒரே எழுத்தில் தொடங்குகிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பகரம்; மலையாளத்திலோ வடசொற்களையும் எழுதுவதற்காகப் பகர வரிசையில் நான்கு எழுத்துகள் (pa, pha, ba, bha) உண்டு; வலிமை 'ba'வில் தொடங்கும், விளைவு 'pha'வில் தொடங்கும். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, 'கவனக்குறைவு' என்று எழுதுகிறார். அது கவனக்குறைவா, தாய்மொழியின் எழுத்துமுறை செய்யும் வேலையா? எத்தனை குழந்தைகள், எந்தெந்த எழுத்துகளில், எந்த வகுப்புவரை இப்படித் தடுமாறுகிறார்கள்? இதைக் கேட்க மொழியியலும் தெரிய வேண்டும், வகுப்பறையும் தெரிய வேண்டும். இரண்டும் சந்திக்கும் இடம் கல்வியியல் துறைதான். தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்கு வசதி செய்யச் சொல்கிறது அரசமைப்பின் 350அ பிரிவு. அந்த வசதி குழந்தைக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதைக் கண்டு சொல்வதும் நம் துறையின் கடமையே.

மறுமொழி 2 (மறையூர், இடுக்கி மாவட்டம், தொடக்கப்பள்ளி ஆசிரியர்):

ஐயா சொல்வது சரி. ஆனாலும் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளிக்கு வந்து படிவங்களை நிரப்பி வாங்கிச் சென்ற ஆய்வாளர்கள் ஒருவர்கூட முடிவைச் சொல்லத் திரும்பி வரவில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன், ஒரு மாலைப்பொழுது ஆசிரியர்களோடு உட்கார்ந்து கண்டதைப் பேசுங்கள். எங்கள் தோட்டத்துக் குழந்தைகளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததும் அங்கே உங்களுக்குக் கிடைக்கும்.

மறுமொழி 3 (குப்பம், ஆந்திரப் பிரதேசம், ஆய்வு மாணவர்):

தெலுங்கிலும் அதே இரண்டு சொற்கள், அதே நான்கு எழுத்துகள். தெலுங்குவழியில் படிக்கும் தமிழ்க் குழந்தைகளின் ஏடுகளை நான் இங்கே பார்க்க முடியும். இரு எல்லையிலும் ஒரே சொற்பட்டியலைக் கொடுத்துப் பார்த்தால், பிழை மலையாளத்தால் வருகிறதா, தமிழ் எழுத்துமுறையால் வருகிறதா என்பது ஓரளவு பிரிந்து தெரியும்.

கேட்டவர்:

மிக்க நன்றி. எங்கள் பள்ளியில் மலையாளம் கற்பிக்கும் ஆசிரியையிடம் மூன்றாம் வகுப்பின் சொல்வதெழுதுதல் ஏடுகளைத் திங்கட்கிழமை கேட்கப்போகிறேன். குப்பத்துத் தம்பி, சொற்பட்டியலை நாம் சேர்ந்தே தயாரிப்போமா?