மனிதவள வேலையில இருந்து நிறுவன அபிவிருத்தி ஆலோசனைக்கு: முதல் வேலையை எப்பிடி எடுக்கிறது?

வடலி:
யாழ்ப்பாணத்தில ஒரு தொண்டு நிறுவனத்தில மனிதவளப் பகுதியைப் பார்க்கிறன். தலைமைத்துவம், நிறுவன அபிவிருத்தி எண்டு தனிய ஆலோசனை வேலை தொடங்க யோசனை. ஒரு கூட்டுறவுச் சங்கம் கிளை முகாமையாளர்மாருக்கு ரெண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி கேட்குது. எடுக்கலாமோ? சான்றிதழ் முதலே வேணுமோ? காசு எப்பிடிக் கணக்குப் போடுறது?

கேணியடி:
எடுங்கோ, ஆனால் கேட்டதை அப்பிடியே குடுக்காதேங்கோ. பயிற்சி கேட்கிற இடங்களில அனேகமாக் குறை திறமையில இல்லை, அதிகாரத்தில. பழுதான குளிர்சாதனப் பெட்டியைத் திருத்தவே கிளை முகாமையாளர் தலைமை அலுவலகக் கையெழுத்துக்குக் காத்திருக்க வேணுமெண்டால், பட்டறையால என்ன மாறும்?

முதல்ல தலைவரையும் பொது முகாமையாளரையும் தனித்தனியாச் சந்தியுங்கோ. "ஆறு மாதத்தால ஆர் எதை வேற மாதிரிச் செய்யவேணும்?" எண்டு கேளுங்கோ. ரெண்டு பேரும் ரெண்டு பதில் சொன்னால் பிரச்சினை கிளையில இல்லை. பிறகு 10–12 பேரோட முக்கால் மணித்தியால நேர்காணல்: முகாமையாளர், காசாளர், களஞ்சியப் பொறுப்பாளர், இயக்குநர் சபையில ரெண்டு பேர். கூட்டறிக்கைப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கோ. ஒரே விசயம் மூண்டு கூட்டமாத் தள்ளிப்போயிருந்தால் அதில தொடங்கலாம்.

நேர்காணல் குறிப்பு ஆலோசகரிட்ட மட்டும் இருக்கும், சபைக்குப் பொதுவான முடிவுகள்தான் போகும் எண்டு ஒப்பந்தத்திலயே எழுதுங்கோ. இல்லாட்டி அறிக்கை குடுத்த அண்டைக்கே "இதை ஆர் சொன்னது?" எண்டு கேள்வி வரும்.

பனங்கூடல்:
360 பாகைப் பின்னூட்டம் (ஒராளைப் பற்றி மேலதிகாரி, கூட வேலை செய்யிறாக்கள், கீழ வேலை செய்யிறாக்கள் எண்டு எல்லாரிட்டயும் புள்ளியும் கருத்தும் கேட்கிறது) செய்து பாக்க ஆசை வரும். சின்ன நிறுவனத்தில கவனம். ஒரு பிரிவில மூண்டு பேருக்குக் குறைவாப் பதில் வந்தால் அந்தப் பிரிவின்ர புள்ளியைத் தனியாக் காட்டக்கூடாது. எழுத்தில வந்த கருத்தை அப்பிடியே போட்டால் ஆளைப் பிடிச்சிடுவினம். இஞ்ச அரைவாசிப் பேர் சொந்தம், மிச்சம் ஒரே பள்ளிக்கூடம். சம்பள உயர்வோட கட்டினால் எல்லாருக்கும் 5க்கு 5 தான்.

சான்றிதழ்: ஐ.சி.எஃப். எண்ட சர்வதேசக் கோச்சிங் (தனியாளை வழிநடத்திறது) அமைப்பின்ர தொடக்கத் தரமான ஏ.சி.சி.க்கு 60 மணித்தியாலப் பயிற்சி, 100 மணித்தியாலக் கோச்சிங் அனுபவம் வேணும். அதுக்கு அடுத்த தரமான பி.சி.சி.க்கு 125 மணித்தியாலப் பயிற்சி, 500 மணித்தியால அனுபவம். நல்லதுதான், ஆனால் அது தனியாளை வழிநடத்திற வித்தை. நிறுவனத்தை ஆராயிறது அதில வராது. நிறுவன உளவியலாளர் எட்கர் ஷைன் எழுதின செயன்முறை ஆலோசனை (தீர்வை நாங்களே சொல்லாமல், நிறுவனம் தன்ர பிரச்சினையைத் தானே கண்டுபிடிக்க உதவுறது) பற்றி முதல்ல வாசியுங்கோ, சான்றிதழ் அளவுக்குச் செலவில்லை.

வடலி:
நன்றி அக்கா, அண்ணா. பட்டறை ரெண்டு நாள்தானே, ரெண்டு நாளுக்குத்தான் காசு கேட்கிறதோ?

கேணியடி:
இல்லைத் தம்பி. ஒரு நாளைக்கு நாலு நேர்காணலுக்கு மேல மண்டை வேலை செய்யாது. ஆகவே 12 பேருக்கு மூண்டு நாள், தொகுத்து எழுத இன்னும் மூண்டு, சபையோட கலந்துரையாட அரை நாள், பட்டறைத் தயாரிப்பு ரெண்டு, பட்டறை ரெண்டு. பத்தரை நாள். மூண்டு மாதம் கழிச்சுக் கிளைக்குப் போய் நடத்தை மாறினதோ எண்டு பார்க்க இன்னொரு நாள். பயிற்சியின்ர பலனை அளக்கக் கேர்க்பற்றிக் எண்டவர் சொன்ன நாலு மட்டத்தில மூண்டாவது அதுதான். பட்டறை முடிவில நிரப்பிற படிவம் முதலாம் மட்டத்தோட, அதாவது வந்தாக்களுக்குப் பிடிச்சுதோ எண்டதோட, நிண்டிடும்.

காசை 30, 40, 30 வீதமாப் பிரியுங்கோ: கையெழுத்துக்கு, அறிக்கைக்கு, பட்டறைக்கு. கடைசிக் காசை "சபை ஏற்றுக்கொண்ட பிறகு" எண்டு மட்டும் எழுதவிடாதேங்கோ. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான ஆக்கள்) இல்லாமல் கூட்டம் தள்ளிப்போனால் உங்கட காசும் தள்ளிப்போகும்.