குரோமியக் கழிவும் தைராய்டுக் குறைவும்: தொடர்பு உண்டா?

பாலாற்றங்கரையான்:
ராணிப்பேட்டை சிப்காட்டை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவன் நான். 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல் மலைபோல் குவிந்து, மழைக்காலத்தில் மஞ்சள் நீராகக் கசிந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். என் தாயார், அக்காள், எதிர்வீட்டு அத்தை ஆகிய மூவரும் இன்று தைராய்டுக் குறைவுக்காக வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை விழுங்குகிறார்கள். இதைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காட்பாடி வேதியியல் ஆசிரியர்:
தங்கள் வேதனை புரிகிறது, ஐயா. ஆனால் 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வு, சென்னை, டெல்லி, கோவா உள்ளிட்ட இடங்களில் பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டுக் குறைவு இருந்ததைக் காட்டியது. பெண்களிடம் அது மேலும் மிகுதி. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவது இதற்கு முக்கியக் காரணம். அது குடும்ப வழியாகவும் வரும். குரோமேட் கழிவில் உள்ள நச்சு வடிவமான, ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் மூச்சுவழி சென்றால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், தோலையும் மூக்கின் நடுத்தடுப்பையும் புண்ணாக்கும். இவை ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டவை. தைராய்டைப் பொறுத்தவரை குரோமியத்தை விடக் காட்மியத்தின் மீதும் பாதரசத்தின் மீதும்தான் ஐயம் வலுவானது. காட்மியம் அச்சுரப்பியிலேயே தங்குகிறது. தைராய்டு நீர் உடலில் செயலூக்கம் பெறுவதற்குத் தேவையான செலினியத்தைப் பாதரசம் பிணைத்துக்கொள்கிறது.

பாலாற்றங்கரையான்:
சான்று மெலிந்திருப்பது எங்களை யாரும் முறையாக ஆராயாததால்தான் என்று ஏன் கொள்ளக் கூடாது? குரோமியம் கொண்டு தோல் பதனிடும் எங்கள் பகுதித் தொழிற்சாலைகளின் கழிவு வழக்கில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தபோது, 1996-இல் உச்ச நீதிமன்றம், தீங்கு உறுதியாகும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கொள்கையை ஏற்று, தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் மீதே சுமத்தியதே!

குடியாத்தம் வாசகி:
அண்ணா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "உடலில் உள்ள உலோக நஞ்சை இறக்குகிறேன்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, என் சித்தி தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு அவர் கொடுத்த பொடியை ஆறு மாதம் உண்டார். முகமும் காலும் வீங்கி, பேச்சே குழறிய நிலையில்தான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். முறையாகச் செய்யப்படாத பற்பங்களில் (உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் மருந்துப் பொடிகளில்) ஈயமும் பாதரசமும் இருக்கக்கூடும் என்பதை அங்கேதான் அறிந்தோம். நிறுவப்படாத தொடர்பை உறுதியாகச் சொல்லும்போது, அதைக் கேட்டு நடப்பவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

காட்பாடி வேதியியல் ஆசிரியர்:
ஆற்றில் எதைக் கலக்கக் கூடாது என்பதற்கு முன்னெச்சரிக்கைக் கொள்கை போதும். தங்கள் தாயாரின் நோய்க்குக் காரணம் இதுவென்று எழுத அது போதாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காட்மியம் சிறுநீரகத்தில் பல்லாண்டு தங்குவதால் சிறுநீரில் அதன் பழைய சுவடு தெரியும். குரோமியமோ பெரும்பாலும் அண்மைக்காலத்தில் உட்கொண்டதையே காட்டும். எனவே இன்றைய சோதனையில் எதுவும் தெரியாவிட்டாலும், 1990-களில் குடித்த நீர் குற்றமற்றது என்று ஆகிவிடாது. ஆய்வு செய்வதானால் தோல் தொழிற்சாலை இல்லாத ஊரோடு ஒப்பிட வேண்டும். அவ்வூர் ஜவ்வாது மலையில் இருந்தால், மலை மண்ணில் அயோடின் குறைவாக இருக்கக்கூடும், அக்குறையே தைராய்டைப் பாதிக்கும் என்பதால், இரு ஊராரின் சிறுநீர் அயோடினையும் முதலில் அளந்தாக வேண்டும்.

பாலாற்றங்கரையான்:
குடியாத்தம் சகோதரி சொன்னதை ஏற்கிறேன். அம்மாவின் மாத்திரை ஒரு நாளும் நிற்காது. எங்கள் கிணற்று நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டுகிறதா என்று இந்த வாரமே சோதனைக்குக் கொடுக்கிறேன். ஆயினும், கழிவுக் குவியலுக்கும் எங்கள் நோய்க்கும் தொடர்பில்லை என்று இதுவரை எவரும் நிறுவிவிடவில்லை. அந்த ஆய்வைச் செய்யும்படி மாவட்ட நிர்வாகத்திற்கு மனு எழுதுகிறேன். அதில் எவற்றை அளக்க வேண்டும் என்ற பகுதியை ஆசிரியர் ஐயா எழுதித் தருவீர்களா?

காட்பாடி வேதியியல் ஆசிரியர்:
ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறேன்.