3 கிலோவுக்கு ஜீன், மீதிக்கு யார் பொறுப்பு?

பாம்பன் காற்று: "உடம்பு பெருப்பது ஜீன் செய்கிற வேலை, சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்" என்று கீழக்கரைத் தம்பி நேற்று நம் குழுவில் பெரிய டாக்டர் மாதிரி அளந்திருந்தார். உடல் எடையோடு தொடர்புள்ள எஃப்டிஓ (FTO) ஜீன் பற்றி 2007-இல் வந்த ஆய்வைப் படித்தீரா? அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் அந்த ஜீனின் எடை கூட்டும் மாற்றம் வந்தவர்களுக்கே சராசரியாக 3 கிலோதான் கூடுதல். வெறும் 3 கிலோ!

கீழக்கரைத் தம்பி: அண்ணே, அதே ஆய்வில் அவர்களுக்கு உடல்பருமன் வரும் வாய்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் என்று இருக்கிறதே, அதை ஏன் முழுங்கினீர்கள்? எஃப்டிஓ மட்டுமா? எம்சி4ஆர் ஜீன் பழுதானால் வயிறு நிறைந்ததே மூளைக்குச் சரியாக எட்டாது.

பாம்பன் காற்று: அது அபூர்வம். ஊரில் தொப்பை வைத்தவனுக்கெல்லாம் எம்சி4ஆர் பழுதா? 3 கிலோவுக்குப் பதில் சொல்லும்.

தொண்டி அக்கா: முதலில் உடல்பருமன் என்று எதைச் சொல்கிறீர்கள்? பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 30-ஆ, நம் ஆட்களுக்குச் சொல்லும் 25-ஆ?

பாம்பன் காற்று: அக்கா, அது அப்புறம். எங்கள் அப்பா வல்லத்தில் போய் வலை இழுத்தவர், கடைசிவரை ஒட்டிய வயிறு. நான் கடையில் உட்கார்ந்தேன், தொப்பை வந்தது. கடை திறந்த அன்றைக்கா ஜீன் மாறியது? உடலுழைப்பு இருந்தால் எஃப்டிஓ பாதிப்பு கால்வாசிக்கு மேல் குறைகிறது என்று 2011-இலேயே 2 லட்சம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டார்கள்.

கீழக்கரைத் தம்பி: அப்படியென்றால் மீதி முக்கால்வாசி? தனித்தனி வீட்டில் வளர்ந்த இரட்டையரே எடையில் ஒத்துப்போகிறார்கள். நானும் என் தம்பியும் எங்கள் ஊர்க் கருப்பட்டி இனிப்பான தொதலை ஒரே சட்டியில் தின்றவர்கள், அவனோ ஒல்லி, இடுப்பில் கைலி நிற்காது.

பாம்பன் காற்று: கூடப்பிறந்தவன்தானே, அவன் ஜீன் எங்கே போனது?

கீழக்கரைத் தம்பி: கூடப்பிறந்தால் எல்லாம் ஒன்றாகவா வரும்? எட்டாம் வகுப்பில் தூங்கிவிட்டீர்களா?

மண்டபம்வாசி: தொதல் பேச்சு வந்ததால் கேட்கிறேன். போன பெருநாளுக்குக் கீழக்கரையில் வாங்கியதில் கருப்பட்டி வாசமே இல்லை, எண்ணெய் பிரியாமல் விரலில் பசையாக ஒட்டியது. சீனி போட்டு ஏமாற்றுகிறீர்கள்.

கீழக்கரைத் தம்பி: அதை எந்தக் கடையில் வாங்கினீரோ! எங்கள் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் பேசும்.

பாம்பன் காற்று: பேச்சை மாற்றாதீர்கள். 3 கிலோ! 3 கிலோ! மண்டபத்தாரே, புதுப் பாம்பன் பாலம் திறந்தபோது நான் குழுவில் போட்ட படத்தைத் தூக்கிய அட்மின் நீர்தானே?

மண்டபம்வாசி: அந்தப் படத்தில் பாலம் எங்கே இருந்தது? உங்கள் முகம்தான் இருந்தது.

தொண்டி அக்கா: 25-ஆ 30-ஆ என்று கேட்டேனே?

பாம்பன் காற்று: ஓரத்தில் தூக்குப்பாலம் தெரிந்தது, கண்ணாடி போட்டுப் பாரும்.