குட்டி யானையில் ஏற்றக்கூடிய டிரம்ஸ் மேடை: பிளைவுட்டா, இரும்பா?

மன்னை டிரம்ஸ்காரன் எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன லைட் மியூசிக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். கீபோர்டு, கிடார், பாடுகிறவர்கள் இரண்டு பேர், அப்புறம் நான். காதுகுத்து, ரிசப்ஷன், மாரியம்மன் கோயில் திருவிழா, இவ்வளவுதான் எங்கள் எல்லை.

கல்யாண மண்டபத்தில் மேடை முழுக்கப் பெண் மாப்பிள்ளை சோபாவுக்குப் போய்விடும். எங்களுக்குத் தரையில் ஒரு மூலை, அதுவும் கைகழுவப் போகிற வழியில். கீபோர்டுக்குப் பின்னால் நான் உட்கார்ந்தால் பாடுகிறவருக்கு என் முகமே தெரிவதில்லை. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். கண்ணில் படுவது கிராஷ் சிம்பல் என்ற பெரிய தாளத்தட்டின் அடிப்பக்கம்தான். ஒரு அடி உயரம் கிடைத்தால் போதும்.

போன தை மாதம் திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு கிராமத்தில் நானே ஒரு வழி பண்ணினேன். பந்திக்குப் போடும் பெஞ்சுகளைச் சேர்த்து, கயிற்றால் கட்டி, மேலே ஜமக்காளம் விரித்து ஏறி உட்கார்ந்தேன். மூன்று பாட்டு வரை ராஜா மாதிரி இருந்தது. நாலாவது பாட்டில் கட்டு தளர்ந்து, இரண்டு பெஞ்சுக்கு நடுவே ஹை-ஹாட் (ஜோடித் தாளத்தட்டு) ஸ்டாண்டின் ஒரு கால் இறங்கிவிட்டது. இடது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசித்து ஒப்பேற்றினேன். முன்னால் உட்கார்ந்திருந்த பொடியன்கள் அதை ஒரு வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இனி உருப்படியாக ஒன்று செய்ய வேண்டும். ஆறுக்கு ஆறு அடி. மற்ற சாமான்களோடு குட்டி யானையில் ஏற வேண்டும். இரண்டு பேர் பத்து நிமிடத்தில் மாட்ட வேண்டும். கையில் பத்தாயிரம் இருக்கிறது. எங்கள் தெரு வெல்டிங் பட்டறையில் ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் ஒரே சட்டமாக அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். யானை ஏறினாலும் தாங்குமாம். செய்யலாமா?

குடந்தை இழைப்புளி எழுதியது:

தம்பி, யானை ஏறுவது இருக்கட்டும், அது குட்டி யானையில் ஏறுமா? அந்த வண்டியின் தொட்டி நீளம் ஏழு அடிக்குக் கொஞ்சம் மேல், அகலம் ஐந்து அடிக்குள். ஆறுக்கு ஆறு சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்தித்தான் கொண்டு போக வேண்டும். காற்றடித்தால் பாய்மரம்.

நீங்கள் எழுபது எண்பது கிலோ, ஸ்டாண்டுகளோடு டிரம்ஸ் ஐம்பது அறுபது கிலோ என்று வைத்தாலும் மொத்தம் நூற்றைம்பதுக்குள்தான். அதற்கு இரும்பு வேண்டாம். சோடா பாட்டில் பெட்டிக்குள் அட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அறை அறையாகப் பிரித்திருப்பார்களே, அதே வேலையைப் பிளைவுட்டில் செய்யுங்கள்.

மேல் பலகைக்கு 18 எம்எம், எட்டுக்கு நாலு ஷீட் இரண்டு. ஒரு ஷீட்டில் ஆறுக்கு இரண்டு அடியில் இரண்டு பலகை விழும். உங்களுக்கு வேண்டியது மூன்று, ஒன்று மிச்சம். ஒரு பலகை பன்னிரண்டு கிலோ வரும், ஒரு ஆள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம். அடியில் நிற்பதற்கு 12 எம்எம் ஷீட் இரண்டு: ஆறு அடி நீளம், பத்து இஞ்ச் உயரத்தில் எட்டுச் சட்டம். நாலு நெடுக்கே, நாலு குறுக்கே. நெடுக்குச் சட்டத்தில் மேலிருந்து ஐந்து இஞ்ச் வெட்டு, குறுக்குச் சட்டத்தில் கீழிருந்து ஐந்து இஞ்ச் வெட்டு. செருகினால் எட்டும் ஒரே மட்டத்தில் உட்காரும். ஆணி, போல்ட் எதுவும் வேண்டாம்.

இரண்டு விஷயத்தில் எல்லோரும் கோட்டை விடுவார்கள். ஓரச் சட்டத்தை விளிம்போடு வைக்காமல் மூன்று இஞ்ச் உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பில் வெட்டினால் அந்த மூலை பிய்ந்துவிடும். இன்னொன்று, இரண்டு பலகை சேரும் இடம். அங்கே சட்டத்தின் தடிமன் 12 எம்எம்தான், பலகைக்கு ஆளுக்கு ஆறு எம்எம் பிடிமானம் போதாது. சட்டத்தின் இரு பக்கமும் ரீப்பர் கட்டை அடித்து அந்த இடத்தை அகலமாக்குங்கள். இல்லையென்றால் பெஞ்சுக் கதைதான் திரும்ப நடக்கும்.

பிளைவுட்டில் ஐஎஸ் 303 எம்ஆர் (ஈரப்பதம் தாங்கும்) ரகம் போதும், ஆனால் நனையக் கூடாது. ஐப்பசி கார்த்திகையிலும் கச்சேரி உண்டென்றால் தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 ரகம் வாங்குங்கள், விலை கூடுதல். எதை வாங்கினாலும் வெட்டிய முனைகளுக்கு பிரைமர் அடிக்காமல் விடாதீர்கள். தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான்.

நாகை சவுண்ட் எழுதியது:

ஆசாரி அண்ணன் சொன்னதில் குறை இல்லை. ஆனால் அவர் செய்யச் சொல்வது ஒரு பெரிய கஞ்சிரா. மேலே தோலுக்குப் பதில் பலகை, உள்ளே காற்று. கிக் டிரம்மின் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பெடலை மிதித்தால் அதுவும் சேர்ந்து 'தொம்' என்னும். நான் மிக்ஸரில் உட்கார்ந்து கிக்கின் அடிச்சத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருப்பேன், அது மைக் வழியாக வருவதில்லை என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைக்கும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தேங்காய் நாருக்குப் பஞ்சமா? பழைய நார் மெத்தை ஒன்றை அறுத்து ஒன்பது அறையிலும் அடைத்துவிடுங்கள். இறுக்கித் திணிக்க வேண்டாம், பலகையின் அடிப்பக்கத்தை லேசாகத் தொட்டால் போதும். சட்டங்களின் மேல் விளிம்பில் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கத்தரித்து ஒட்டுங்கள். மரமும் மரமும் நேரடியாகத் தொட்டால் ஸ்னேர் டிரம்மை அடிக்கும்போதெல்லாம் கிரீச் என்று ஒரு கூடுதல் வாத்தியம் கேட்கும்.

பாடுகிறவரின் மைக் ஸ்டாண்டை அந்த மேடை மேல் வைக்கவே கூடாது. இதைப் பெரிய எழுத்தில் பலகையிலேயே எழுதி வைத்தாலும் தப்பில்லை.

பாபநாசம் பந்தல் எழுதியது:

மண்டபத்துத் தரைக்கு இதெல்லாம் சரி. அறுப்பு முடிந்த வயலில் திருவிழா மேடை போட்டால்? நம் ஊர்க் களி தை மாசியில் வெடித்துக் கிடக்கும், ஒரு மழை பெய்தால் சொதசொதவென்று ஆகிவிடும். செருகு சட்டத்தை நேராக மண்ணில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு ஆடும். அங்கே இரும்புதான். ஒன்றேகால் இஞ்ச் ஜிஐ குழாய்க்குள் ஒரு இஞ்ச் குழாய் கொஞ்சம் ஆட்டத்தோடு நுழையும். பக்கத்தில் நட் பற்றவைத்து போல்ட்டால் முறுக்கினால் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கலாம். காலுக்கு அடியில் சதுரத் தகடு அவசியம், இல்லையென்றால் நாற்று நட்ட மாதிரி இறங்கிவிடும்.

எங்கள் சவுக்குக்கால் மேடை மேல் வைக்கிறீர்கள் என்றால் கவலை இல்லை. வைப்பதற்கு முன் குதிகாலால் பலகையைத் தட்டிக்கொண்டே நடந்து பாருங்கள். 'டொம்' என்று வந்தால் அடியில் ஒன்றும் இல்லை. 'டக்' என்று வருகிற இடத்தில் கால் இருக்கிறது, டிரம்ஸை அங்கே போடுங்கள். பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொன்னால் அந்த மூலைக்கு இரண்டு சவுக்குக் கழி கூடுதலாகக் கொடுப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சொன்னால் திட்டுதான் கிடைக்கும், நானே திட்டியிருக்கிறேன்.

உங்கள் டிரம்ஸ் மேடைக்குப் பின்பக்கமும் இரு ஓரமும் இரண்டு இஞ்ச் உயரத்துக்கு ரீப்பர் வரம்பு கட்டுங்கள். உற்சாகத்தில் ஸ்டூல் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்.

மன்னை டிரம்ஸ்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்களுக்குப் பத்துக் கச்சேரியில் ஏழு மண்டபத்தில்தான், மிச்சம் பந்தல் மேடை. அதனால் பிளைவுட் பக்கம் போய்விட்டேன். வெல்டிங் பட்டறை அண்ணன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

செய்து மூன்று கச்சேரி ஆகிவிட்டது. ஒரு முட்டாள்தனம் செய்தேன். வெட்டுகளைச் சரியாக 12 எம்எம் அகலத்தில் போட்டு, செருகிப் பார்த்து மகிழ்ந்து, அப்புறம் இரண்டு கை கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பெயின்டுக்கும் தடிமன் உண்டு என்று தோன்றவில்லை. முதல் கச்சேரியில் செருகுவதற்கே இருபத்தைந்து நிமிடம், கழற்றும்போது ரப்பர் சுத்தியல் வாங்க ஓடினோம். அரம் வைத்து 14 எம்எம் வரை ராவி, உள்ளே மெழுகுவர்த்தியைத் தேய்த்த பிறகு எட்டு நிமிடத்தில் நிற்கிறது. ஆசாரி அண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நார் மெத்தை விஷயத்தில் நாகை அண்ணன் சொன்னது சத்தியம். மெத்தை இல்லாமல் ஒரு முறை, அடைத்து ஒரு முறை வாசித்துப் பார்த்தேன். வித்தியாசம் எங்கள் வீட்டு அம்மாவுக்கே தெரிந்தது. கிக் முன்னால் நகராமல் இருக்க அதன் கால்களுக்கு முன்னே ஒரு ரீப்பர் துண்டு திருகியிருக்கிறேன்.

பாடுகிறவர் இப்போது என் முகத்தைப் பார்த்துத்தான் பல்லவிக்குத் திரும்புகிறார். ஒரே சிக்கல், மிச்சமான அந்த ஆறுக்கு இரண்டு பலகை. கீபோர்டு அண்ணன் தனக்கும் கொஞ்சம் உயரம் வேண்டும் என்று அதைக் கேட்கிறார். அவர் ஏறினால் நான் மறுபடி மறைந்துவிடுவேன். பலகையை மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.