புதுப்பிப்பு: பாரிஸில் மலிவான வெள்ளை வைனும் குளூட்டன் இல்லாத தின்பண்டமும்

மனைவிக்கு சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாது) என்று தெரிந்தபின், 10 யூரோவுக்குள் நல்ல வெள்ளை வைனும் குளூட்டன் இல்லாத தின்பண்டமும் எங்கே கிடைக்கும் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். வாங்கிப் பார்த்தாயிற்று.

வைனில் முஸ்கதேதான் ஜெயித்தது. மேற்கு பிரான்சின் நான்த் நகரைச் சுற்றி விளையும் திராட்சையில் செய்வது. லேபிளில் ‘சூர் லீ’ என்று இருக்கிறதா பாருங்கள்: குளிர்காலம் முழுக்க ஈஸ்ட் வண்டலோடு கிடந்தது என்று அர்த்தம். நாக்கில் லேசாகக் குறுகுறுக்கும், கடற்காற்று போல ஓர் உப்பு. தெருமுனைக் கடையில் 7 யூரோ!

இனிப்பில் மக்கரோன். பாதாம் மாவு, முட்டை வெள்ளை, சர்க்கரை, அவ்வளவுதான். ஃபினான்சியே என்ற குட்டிக் கேக் பாதாம் வாசனை காட்டி ஏமாற்றும். பெரும்பாலும் கோதுமை மாவும் இருக்கும்.

சறுக்கியது கலெத்தில், அதாவது தோசை மாதிரியான பிரெஞ்சுப் பண்டத்தில். அதன் மாவை ‘ப்ளே நுவார்’, அதாவது கருப்புக் கோதுமை என்பார்கள். உண்மையில் அது கோதுமையே இல்லை. ஆனால் நாங்கள் போன கடையில் மொறுமொறுப்புக்காக நிஜக் கோதுமையைக் கலந்திருந்தார்கள். அன்று இரவு முழுக்க வயிற்றுவலி. இப்போது கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறோம்.

அப்புறம், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல்லில் வாங்கிய பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் கோதுமை மாவு. இத்தனை நாள் சாம்பாரைச் சந்தேகப்படவே இல்லை!