சாயக்கழிவுக் கட்டணம்: லிட்டருக்கா, உப்புக்கா?

நொய்யல்கரை:
திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் லிட்டர் கணக்கில் மட்டும் வசூல் செய்தால், வெளிர்நிறம் போடும் பட்டறை கருப்பு போடுகிறவரின் செலவையும் சுமக்கிறது. சாயத் தொட்டியில் வெளிர்நிறத்துக்கு லிட்டருக்கு 20–30 கிராம் உப்பு போதும். கருப்பு, கருநீலத்துக்கு 60–80 போகும். உப்பு கூடக்கூட ஆர்.ஓ.வில் (உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டியில்) மீளும் தண்ணீர் குறையும். 1,000 கிலோலிட்டரில் 85% மீண்டால் மீதியைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு 150 போகும். 80% என்றால் 200. நீராவிச் செலவு மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது, பில் மட்டும் எல்லோருக்கும் ஒன்று!

கருஞ்சாயம்:
கலரை முடிவு பண்றது பையருங்க, பட்டறை இல்லை. டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) பார்த்துக் கட்டணம் போட்டால் போர் தண்ணியைக் கலந்து அனுப்புவாங்க. ரீடிங் பாதியாகும், உப்பு ஒரு கிலோ குறையாது, நிலையத்தின் கொள்ளளவுதான் வீணாக நிரம்பும்.

நொய்யல்கரை:
அடர்த்திக்கு இல்லைங்க, எடைக்கு. ஓட்டம் பெருக்கல் டிடிஎஸ். கலந்தாலும் கிலோ மாறாது.

மீட்டர்பெட்டி:
காகிதத்தில் சரி. டிடிஎஸ்ஸை மின்கடத்தலை வைத்து அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டரின் முனையில் பஞ்சும் சாயமும் படியும், ரீடிங் தப்பும். அடிக்கடி கழுவி அளவு சரிபார்க்கணும். அதோடு உப்புப் பில்லையும் ஒப்பிடுங்க. உப்பு ஆவியாகாது. வாங்கினது, நிலையம் திருப்பித் தந்த உப்புக்கரைசலில் இருப்பது, போர் தண்ணியில் இருப்பது, சாயம் பிடிக்கப் போடும் சோடா ஆஷ் எல்லாம் சேர்த்தால் அனுப்பினதோடு ஏறக்குறைய ஒத்துவரணும். பெரிய இடைவெளி விழுந்தால் எங்கேயோ குழாய் திறந்திருக்கு.

கருஞ்சாயம்:
பில் இல்லாமல் உப்பு கிடைக்காதா என்ன? கட்டணம் ஏற ஏற, மழை நாளில் உப்பு அதிகமுள்ள முதல் சாயத் தண்ணியை ஓடையில் விடும் ஆசைதான் கூடும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ யார் ஒழுங்கு, யார் ஒழுங்கில்லைன்னு பிரிச்சா மூடினாங்க?

நொய்யல்கரை:
அதற்காகத்தான் அனுப்பிய உப்பின் அளவுக்குக் கரைசலைத் திருப்பித் தரச் சொல்கிறேன். ஓடையில் விட்டவர் புது உப்பு வாங்கித்தான் ஆகணும். நிலையான செலவை நிலையத்தில் அவரவர் கொள்ளளவுப் பங்கின்படியும், மற்றதை உப்பின்படியும் பிரிக்கலாம்.

கருஞ்சாயம்:
கரைசல் வரவு என்றால் பேசலாங்க. ஆர்டர் இல்லாத மாசம் பாதி ஓட்டுகிறவரும் நிலைக்கட்டணம் முழுசாகக் கட்டணுமா?

நொய்யல்கரை:
கட்டணும். வங்கித் தவணை ஆர்டரைப் பார்த்து நிற்காது. ஓடாத கொள்ளளவை இன்னொரு உறுப்பினருக்கு மாதக்கணக்கில் விடலாம்; ஆனால் இருவரின் இசைவாணையிலும் (பட்டறை இயங்கத் தரும் அனுமதியிலும்) அளவு மாறுவதால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வாங்கின பிறகுதான்.