நெல்லைச் சொந்தங்கள் குழு: சின்ன அண்ணனின் கால் ரத்தக்கட்டு

இரவு 8:04, அம்மா: ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது. இடது காலில் தொடை வரை ரத்தக்கட்டு இருக்கிறதாம். அடிபடவில்லை, ஆபரேஷன் இல்லை, எங்கேயும் மணிக்கணக்காகப் பஸ்ஸில் போகவும் இல்லை. நாள் முழுக்க வாழைத்தோட்டத்தில் நடக்கிற பிள்ளை. காரணம் தெரியவில்லை என்று டாக்டரே சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

8:06, கடையம் மாமா: அக்கா, பயப்படாதே. நம் வீட்டு ரத்தமே கெட்டி ரத்தம். ஹார்ட் டாக்டர் எனக்கு எழுதித் தந்த ஆஸ்பிரின் 75 நிறைய இருக்கிறது. எல்லோரும் ராத்திரி ஒன்று போட்டுக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு அரை போதும்.

8:06, பாளை மதினி: மாமா, வேண்டவே வேண்டாம். யாரும் போடாதீர்கள். சேர்மாதேவி பாப்பா பக்கத்தில் அந்த மாத்திரை போகவே கூடாது. சித்தி, பார்த்தீர்களா?

8:08, சேர்மாதேவி சித்தி: பார்த்தேன்ம்மா. வேலூரில் தந்த அட்டையிலேயே ஆஸ்பிரின், புரூஃபென் வலி மாத்திரை கூடாது என்று எழுதியிருக்கிறது. அட்டை அவள் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கும்.

8:09, நான்: மதினி, எனக்குப் புரியவில்லை. பாப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நிற்க மாட்டேன் என்கிறது. அண்ணனுக்குத் தானாக உறைகிறது. ஒரே வீட்டில் இரண்டும் எப்படி?

8:17, பாளை மதினி: லேபில் இருந்து இப்போதுதான் வந்தேன், விவரமாகவே சொல்கிறேன். டெங்கு வந்தபோது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எத்தனை என்று எல்லோரும் கேட்டோமே, ஒன்றரை லட்சத்தில் இருந்து நாலரை லட்சம் வரை சரி என்று? பாப்பாவுக்கு அந்த எண்ணிக்கை எப்போது பார்த்தாலும் சரியாகவே இருக்கும். பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று கைகோக்க மேலே ஒரு புரதம் வேண்டும். அவளுக்குப் பிறவியிலேயே அது இல்லை. 1918-ல் கிளான்ஸ்மான் என்ற சுவிட்சர்லாந்து குழந்தை மருத்துவர் எழுதிய நோய், அவர் பெயரிலேயே இருக்கிறது. அதனால்தான் கவுண்ட் நார்மல் என்று இத்தனை வருஷம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. தாய், தகப்பன் இரண்டு பேரிடம் இருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய். அப்படிப்பட்ட இருவருக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும் வீடுகளில் இருவருமே அப்படி இருப்பது கூடுதல்.

8:19, சேர்மாதேவி சித்தி: அத்தை மகனைக் கட்டினேன். அதற்கு நான் என்ன செய்ய.

8:20, பாளை மதினி: உங்களைக் குற்றம் சொல்லவில்லை சித்தி. நம் பக்கம் யார் வீட்டில் இல்லை அது? உங்கள் சின்ன மகனுக்கும் இது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

8:26, பாளை மதினி: இனி கால் ரத்தக்கட்டு வந்த தம்பி விஷயம். இதயத்துக்குப் போகும் தமனியில் வருகிற கட்டில் பிளேட்லெட்தான் அதிகம். அதனால் பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் மாமாவுக்குச் சரி. தம்பிக்கு வந்திருப்பது சிரையில், ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாயில். அங்கே பெரும்பாலும் ஃபைப்ரின் இழையும் சிவப்பணுவும் சேர்ந்து உறையும். அதற்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறு மாத்திரை. அதோடு ஆஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். கிளான்ஸ்மான் இருப்பவர்களுக்கே சிரையில் கட்டு வந்ததாக மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. ஆகவே கெட்டி ரத்தம், நீர்த்த ரத்தம் என்று பிரித்து மாத்திரையைப் பங்கு வைக்க முடியாது.

*கடையம் மாமா ஒரு செய்தியை நீக்கினார்*

8:29, கடையம் மாமா: சரி மக்கா, எடுத்துவிட்டேன். கால் வீக்கத்துக்காவது எண்ணெய் போட்டு நீவிவிடலாமா? நம் வைத்தியர் இருக்கிறாரே.

8:29, பாளை மதினி: ஐயோ, நீவவே கூடாது மாமா. கட்டு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். அத்தை, அவனுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

8:33, அம்மா: மூச்சு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அக்கா பிள்ளை பெற்ற ஒரு வாரத்தில் மூச்சு முட்டித்தான் போனாள். அதற்கு முன்னால் கால் வீங்கி இருந்தது. காற்று அடித்துவிட்டது என்றார்கள்.

8:34, கடையம் மாமா: ஆமாம் அக்கா. அம்மைக்கும் என்னைப் பெற்றபிறகு ஒரு கால் தடித்துத்தான் இருந்தது, கடைசிவரை.

8:38, பாளை மதினி: அத்தை, இதை நாளைக்கு டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். காரணம் இல்லாத கட்டு என்றால் பரம்பரையை விசாரிப்பார்கள். புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் என்று உறைவதை அடக்கி வைக்கும் புரதங்கள் உண்டு, அவை பிறவியிலேயே குறைவாக இருக்கலாம். 1994-ல் நெதர்லாந்தில் கண்டுபிடித்த ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்ற மரபணு மாற்றமும் உண்டு, அது ஐரோப்பியர்களிடம்தான் அதிகம். பிளேட்லெட் அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கி பிளேட்லெட் என்ற ஒன்றை 1983-ல் அமெரிக்காவில் சொன்னார்கள். அதற்கான மரபணு பிடிபடவில்லை, தனி நோயா என்பதிலேயே மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை.

8:40, சின்ன அண்ணன்: மதினி, எல்லா டெஸ்டும் நாளைக்கே எடுத்துவிடலாமா? பணம் போனால் போகட்டும்.

8:44, பாளை மதினி: அவசரம் வேண்டாம் தம்பி. கட்டு புதிதாக இருக்கும்போது அந்தப் புரதங்கள் குறைவாகவே காட்டும். ரத்தம் உறையாமல் தடுக்கத் தரும் மருந்துகளில் ஹெப்பாரின் ஊசி ஆன்டித்ராம்பினைக் குறைக்கும், வார்ஃபரின் மாத்திரை மற்ற இரண்டையும் குறைக்கும். இப்போது எடுத்தால் இல்லாத நோயை இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். மூன்று மாத மருந்துக்குப் பிறகு எது தேவை, எப்போது என்று டாக்டர் சொல்வார். ரத்தத்தை உறைய வைக்கும் எதிர்ப்புப் பொருள் உடலில் இருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து இரண்டாம் தடவையும் பார்க்க வேண்டும். பிளேட்லெட் ஒட்டும் டெஸ்ட் கேட்டால் நீ நேரில்தான் போக வேண்டும். எடுத்த ரத்தத்தை நாலு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும், ஐஸில் வைக்கக் கூடாது. அதை இங்கிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட முடியாது.

8:46, சின்ன அண்ணன்: கால் சரியானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

8:47, பாளை மதினி: நீயாக நிறுத்தாதே. காரணம் இல்லாமல் வந்த கட்டு, மருந்தை நிறுத்தினால் முதல் வருஷத்திலேயே பத்துப் பேரில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. வார்ஃபரின் தந்தால், கீரை அதன் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை ஒரேயடியாக விடவும் வேண்டாம், ஒரு நாள் மட்டும் சட்டி நிறையச் சாப்பிடவும் வேண்டாம். வழக்கமான அளவு போதும்.

8:51, நான்: மதினி, பீரியட்ஸ் சரியாக வர எனக்கு ஹார்மோன் மாத்திரை தந்திருக்கிறார்கள். அட்டையைப் படம் எடுத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

8:53, பாளை மதினி: பார்த்தேன், இதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. அது கட்டு வரும் வாய்ப்பைக் கூட்டும். இன்று ராத்திரி போடாமல் இரு. காலையில் உன் டாக்டருக்குப் போன் செய்து அண்ணன் கதை, பெரியம்மா கதை இரண்டையும் சொல். வேறு மாத்திரை தருவார்.

8:58, சேர்மாதேவி சித்தி: ஏம்மா, பாப்பாவுக்கு சனிக்கிழமை கடைவாய்ப்பல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போகலாமா?

8:59, பாளை மதினி: வேலூர் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் சித்தி. ரத்தம் நிற்க டிரனெக்ஸாமிக் ஆசிட் எழுதித் தருவார்கள், தேவைப்பட்டால் மேலும் ஏற்பாடு செய்யச் சொல்வார்கள். நாளைக் காலை லேபுக்குப் போகும் முன் நானே போன் போடுகிறேன். அவள் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.